சந்தனப் பொட்டுக்கு அடியில் ஒரு டிரம்பெட்

இசைத்தட்டு சேர்ப்பது தொழில் இல்லை. தொழிலாக இருந்திருந்தால் வாரத்தில் ஒரு நாளாவது லீவு கிடைத்திருக்கும். அதிலும் ஜாஸ் இசைத்தட்டு, அதிலும் தஞ்சாவூரில், அதிலும் வீட்டோடு இருக்கிற ஒருத்தி. தெருவுக்கு நாலு பேர் வீணை செய்வதும் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுப்பதுமாக இருக்கிற ஊரில் டிரம்பெட்டும் பியானோவும் கேட்கிறவளை எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கு அனுபவம் இருந்தால் நீங்கள் என் கட்சி. உட்காருங்கள், பேசலாம்.

பைத்தியம் பிடித்த இடம் பொன்மலை ரயில்வே காலனி. நான் திருச்சியில் கான்வென்ட் ஹாஸ்டலில் படித்தேன். கூடப் படித்த ஷீலா என்கிற ஆங்கிலோ இந்தியப் பெண் சனிக்கிழமைகளில் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவாள். அவள் அப்பா ரயில் ஓட்டுகிறவர். அவரிடம் ஒரு ரெக்கார்டு இருந்தது. நீல அட்டை, அதில் ஒரு படகுத்துறையில் ஐந்து பேர் கோட் போட்டு நிற்கும் படம். அதன் இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டில் டிரம்பெட் தனியாக ஆரம்பிக்கும். வேறு எதுவும் கூட வராது. யாரோ நடுத்தெருவில் நின்று தைரியமாக ஒரு கேள்வி கேட்கிற மாதிரி இருக்கும். பிறகு ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் பாதிப் பாட்டில் ஷீலாவின் அப்பா ஊசியைத் தூக்கிவிடுவார். சாப்பாடு ஆறுகிறதாம்.

அந்தப் பாட்டு எப்படி முடிகிறது என்று தெரியாமலே நான் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, படிக்கவைத்து, வெளியூருக்கும் அனுப்பிவிட்டேன். ஷீலா குடும்பம் ஆஸ்திரேலியா போய்விட்டது. வாசித்த குழுவின் பெயர் எனக்குத் தெரியாது. ஃபோனில் ராகத்தை முனகினால் பாட்டைக் கண்டுபிடித்துத் தரும் என்றார்கள். முனகினேன். அது பல்பொடி விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டியது. அலமாரி நிறைய நான் சேர்த்த தட்டெல்லாம் அந்த ஒன்றைத் தேடிப் போன வழியில் கிடைத்தவை.

பாட்டு எப்போது ஆரம்பிக்கும்

மாடியில் குடியிருக்கும் மங்கை நல்ல பெண். அவசரத்துக்கு உறைமோர் கேட்டால் தயிராகவே கொடுப்பாள். ஒருநாள், "அப்படி என்னதான்க்கா கேக்கறீங்க, நானும் கேக்கறேன்" என்று வந்து உட்கார்ந்தாள். இந்த ஊரில் தானாக வந்து கேட்ட முதல் ஆள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இருப்பதிலேயே சாதுவான தட்டாகப் பார்த்து எடுத்தேன். பியானோ, பாஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம், டிரம்ஸ், மூன்றே மூன்று. அந்த டிரம்ஸும் அடிக்கிற ஜாதி இல்லை, பிரஷ்ஷால் வருடுகிற ஜாதி. தூசி துடைத்து, ஊசியை வைத்து, காபியும் கலந்து கொடுத்தேன்.

கதாகாலட்சேபத்துக்கு உட்கார்ந்த மாதிரி மங்கை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் முழுக்க ஓடியது. நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓரிடத்தில் தலைகூட ஆடியது. நான் பெருமையோடு தட்டைத் திருப்பிப் போட எழுந்தேன். அவள் மரியாதையாகத்தான் கேட்டாள்: "இவ்வளவு நேரம் சுதி சேத்தாங்க, அது புரியுதுக்கா. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

காய்ச்சல் பத்தாது

என் வீட்டுக்காரர் ராமநாதன் நெல் கொள்முதல் நிலையத்தில் தரம் பார்க்கிறவர். விவசாயி கொட்டிய குவியலில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, ஒரு மணியைக் கடித்து, அப்புறம் மெஷினிலும் போட்டு, ஈரமா காய்ந்ததா என்று சொல்வது அவர் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை அடங்காது. அப்பளம், வத்தல், கொடியில் கிடக்கும் துண்டு, எல்லாவற்றையும் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துத் தீர்ப்பு சொல்வார். என் இசையைப் பற்றி மட்டும் இதுவரை தீர்ப்பு சொன்னதில்லை. ஜாஸ் ஓடும்போது செய்தித்தாள் படிப்பார், அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் இதைவிட நல்ல ரசிகர் எனக்கு வேண்டியதில்லை.

ஒரு ஐப்பசி. விடாத மழை. அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை முகத்தில் அறைந்தது. தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அட்டைகளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. ஹாலில் குறுக்கே கயிறு கட்டி, அட்டைகளை ஒவ்வொன்றாகத் துணிக் கிளிப்பில் மாட்டி, ஃபேனை முழு வேகத்தில் வைத்திருந்தேன். சொட்டச் சொட்ட நனைந்து வீடு வந்த ராமநாதன் குனிந்து ஒவ்வொரு அட்டைக்கும் அடியில் புகுந்து வந்தார். துண்டை எடுக்கப் போகிறார் என்று பார்த்தால், என்னுடைய உயிர் போன்ற ஒரு சாக்ஸபோன் அட்டையை இரண்டு விரலால் தேய்த்தார். வேலை ஞாபகத்திலேயே சொன்னார்: "காய்ச்சல் பத்தலைங்க. களத்துல போட்டு நல்லா காயவச்சு நாளைக்கு எடுத்துட்டு வாங்க."

கையுறை போட்டவர்

சென்னையிலிருந்து ஒரு தம்பி வந்தார். கம்ப்யூட்டர் வேலை, நல்ல குடும்பம், ஏதோ பழைய சாமான் கடையில் என்னைப் பற்றிக் கேள்விப்பட்டாராம். என் தட்டுகளைத் தொடுவதற்கு முன் பையிலிருந்து வெள்ளைக் கையுறை எடுத்து மாட்டிக்கொண்டார். எனக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் வீட்டில் பஜ்ஜி தின்ற கையோடு அட்டையைப் புரட்டுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அவரிடம் எத்தனையோ அருமையான தட்டுகள் இருந்தன. பலவற்றுக்கு வெளிச்சுற்றுப் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லையாம். பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம்.

நீல அட்டை, படகுத்துறை, ஐந்து பேர் என்று என் ரெக்கார்டின் அடையாளம் சொல்லி, பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன். பார்த்ததில்லை. ஆனால் அக்கறையாக ஆலோசனை சொன்னார்: கிடைத்தால் ஓட்டவே கூடாதாம், நிற்கவைத்து, வெயில் படாமல், அப்படியே வைத்துவிட வேண்டுமாம். "அப்படியே வைத்து?" என்றேன். "அப்படியே வச்சிருக்கலாம்" என்றார். "தம்பி, எனக்கு அந்தக் கடைசிப் பாட்டு முடிகிறதைக் கேட்கணும்ப்பா" என்றேன். கையுறைக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "ஐயோ மேடம், நீங்க கேக்கறதுக்காகவா தேடறீங்க?"

வெங்காயம் உரிக்கிற இடத்தில்

போன வருஷம் ராமநாதனை வேதாரண்யம் பக்கம் ஒரு கொள்முதல் நிலையத்துக்குப் போட்டிருந்தார்கள். அங்கே கூட வேலை செய்கிறவர் வீட்டில் காதுகுத்து, கோடியக்கரையில். நானும் போனேன். மொய் எழுதுகிற இடத்தில் எனக்கு வேலை இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. பந்தலுக்குப் பின்னால் நாலைந்து பெண்கள் மலைபோல வெங்காயத்தைக் குவித்து வைத்து உரித்துக்கொண்டிருந்தார்கள். சும்மா உட்கார என்னால் முடியாது. ஒரு கத்தியை வாங்கிக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண் தன்பாட்டுக்கு முனக ஆரம்பித்தாள். கத்தி என் கையிலிருந்து விழுந்தது. பொன்மலையில் நான் கேட்ட அதே டிரம்பெட். ஒரு சுரம் மாறவில்லை.

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஏதோ தேசிய கீதம் போல எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் ஒரே இடத்தில், கத்தரித்த மாதிரி நிறுத்தினார்கள். "என்ன பாட்டு இது?" என்று கேட்டேன். "இதுவா? செட்டு டெஸ்ட்டிங் பாட்டு" என்றாள் அவள். வேதாரண்யத்தில் கலியபெருமாள் என்று ஒருவர் மைக் செட் வைத்திருந்தாராம். கல்யாணமோ திருவிழாவோ, ஒலிபெருக்கிக் குழாய் கட்டி முடித்ததும் முதலில் இந்த ரெக்கார்டைப் போட்டுத்தான் சத்தம் சரிபார்ப்பாராம். கேசட் வந்து, பென் டிரைவ் வந்த பிறகும் டெஸ்ட்டிங்குக்கு அதுதான். சத்தம் சரியானதும் ஊசியை எடுத்துவிட்டு சாமி பாட்டு போட்டுவிடுவார். சுற்றுவட்டாரத்தில் அந்த டிரம்பெட் கேட்டால் விசேஷம் என்று அர்த்தம்.

அவர்கள் நிறுத்திய இடத்துக்கு மேல் எனக்குக் கொஞ்சம் தெரியும் அல்லவா? ஷீலாவின் அப்பா ஊசியைத் தூக்கிய இடம் வரை நான் முனகிக் காட்டினேன். ஐந்து பேரும் உரிப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெண் மூக்கில் விரலை வைத்தாள்: "அட, அதுக்கு மேலயும் இருக்கா!"

ஓடாத இடம்

அன்று சாயங்காலமே வேதாரண்யத்தில் கலியபெருமாள் வீட்டு வாசலில் நின்றேன். மனுஷர் இறந்துவிட்டிருந்தார். மகள் அமுதா பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள்தான் வீட்டில் இருந்தாள். முன்னறையில் குழாய்களும் ஆம்ப்ளிஃபயரும் வேட்டி போர்த்திக் கிடந்தன. நீல அட்டை ரெக்கார்டு அவள் அப்பாவின் படத்துக்குக் கீழே இருந்தது. அட்டையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பினாங்கில் ஒரு ஹோட்டலில் வாசித்த குழு. தாங்களே காசு போட்டு அடித்துக்கொண்ட ரெக்கார்டு. நாகப்பட்டினத்துக்குக் கப்பல் வந்துகொண்டிருந்த காலத்தில் யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள். ஷீலா வீட்டுப் பிரதியும் அந்த வழியாகத்தான் பொன்மலைக்குப் போயிருக்கும். பெயரைப் போட்டு ஃபோனில் தேடினேன். ஒரு வரிகூட இல்லை.

தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தேன். கடைசிப் பாட்டின் ஆரம்பம் தேய்ந்து சாம்பல் பூத்திருந்தது. எத்தனை கல்யாணம், எத்தனை திருவிழா! அதற்கு அப்புறம் புதுத் தட்டு மாதிரி கறுப்புப் பளபளப்பு, ஊசியே படவில்லை. அதற்கும் அப்புறம், நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளை ஒட்டி, பாட்டு முடிகிற இடத்தில், ஒரு பெரிய சந்தனப் பொட்டு காய்ந்து இறுகிக் கிடந்தது. நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கு மைக், குழாய், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிற கை, ரெக்கார்டுகளின் சார்பாக இதற்கும் வைத்திருக்கிறது. தான் ஓட்டுகிற இடத்தில் வைக்கக் கூடாது என்கிற விவரமும் அவருக்கு இருந்திருக்கிறது. அதனால் ஓட்டவே ஓட்டாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறார்.

"ஈரத்துணி இருந்தா குடும்மா, இப்பவே துடைச்சிடலாம்" என்றேன். அமுதா தட்டை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள். சந்தனத்தில் கட்டைவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்ததைக் காட்டினாள். அந்தப் பூஜை முடிந்த சில நாளில் அவள் அப்பா போய்விட்டாராம். வேறு யாரும் பிறகு பொட்டு வைக்கவில்லை. ஆனாலும், இவ்வளவு தூரம் ஒரு பாட்டுக்காக வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. அவள் வீட்டு பிளேயரோ ஓடாது. தட்டை அட்டையில் போட்டு என்னிடமே கொடுத்தாள்: "எடுத்துட்டுப் போயி ஆசை தீர கேளுங்கக்கா, எப்ப முடியுதோ அப்ப கொண்டாங்க. பொட்டை மட்டும் தொடாதீங்க."

ஒரு துண்டு பஞ்சு

தொடவில்லை. ஆனால் ஓட்டிப் பார்த்தேன். வெங்காயம் உரித்த பெண்கள் நிறுத்திய இடத்தைத் தாண்டியது. ஷீலாவின் அப்பா கை வைத்த இடத்தையும் தாண்டியது. பியானோ தனியாக ஏதோ சொல்லி முடித்து, டிரம்பெட் திரும்பி வருகிறது. சரியாக அங்கே சந்தனத்தின் ஓரத்தில் ஊசி இடித்து, எகிறி, பழைய இடத்திலேயே வந்து விழுந்தது. மறுபடி பியானோ, மறுபடி டிரம்பெட், மறுபடி இடி. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு முன்னால் தும்முகிற ஆளைப் போல. ஊசி உடைவதற்குள் எடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் அந்தத் தட்டு என் வீட்டில் இருந்த நாட்களை எப்படிச் சொல்ல? ஒரு துண்டு பஞ்சு, நாலு சொட்டுத் தண்ணீர். இவ்வளவுதான் எனக்கும் அந்த முடிவுக்கும் நடுவில். மங்கை வந்து பார்த்தாள். கதையைக் கேட்டாள். அவளுக்கு இதில் என்ன சிக்கல் என்றே புரியவில்லை. நான் ரேகையைக் காட்டினேன். கான்வென்ட்டில் சிஸ்டர்களிடம் வளர்ந்தவள் நான். பொய்யே சொல்லக் கூடாது என்று கற்றேனோ இல்லையோ, நம்பிக் கொடுத்தவரிடம் சொல்லக் கூடாது என்று கற்றிருக்கிறேன் என்றேன். மங்கை கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். கடைசியில் எனக்கு நல்லது செய்கிற குரலில் சொன்னாள்: "துடைச்சு கேட்டுட்டு, நம்ம ராமநாதன் சார் கட்டைவிரலால ஒண்ணு வச்சிடுங்கக்கா. ஆம்பள விரல் எல்லாம் ஒரே சைஸ்தானே?"

மங்கை வீட்டு ஸ்கூட்டர்

அப்படிப்பட்ட மங்கைதான் எனக்கு வழியும் காட்டினாள், அவளுக்கே தெரியாமல். ஆயுத பூஜைக்கு முதல் நாள். கீழே வாசலில் அவள் வீட்டுக்காரர் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். ஹெட்லைட்டுக்கு மேலே போன வருஷத்துப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. அதைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தார். மங்கை மாடியிலிருந்து, "பழசு துளிகூட இருக்கக் கூடாது, அது மேலயே வச்சா பூஜை பண்ணின மாதிரியே இல்ல" என்று கத்திக்கொண்டிருந்தாள். நான் கையிலிருந்த கீரையை அப்படியே வைத்துவிட்டு அமுதாவுக்கு ஃபோன் போட்டேன்.

எனக்கு சுற்றி வளைத்துப் பேச வராது. உங்க அப்பா ஒவ்வொரு வருஷமும் பழைய பொட்டைக் கழுவிவிட்டுத்தானே புதுசு வைத்திருப்பார் என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அவரே கழுவியதைக் கழுவ நாம் பயப்படுகிறோம் என்றேன். இதில் என் சுயநலம் முழுசாக இருக்கிறது, அந்தப் பாட்டு முடிவதைக் கேட்க வேண்டும், அதற்காகத்தான் சொல்கிறேன், உனக்கு இஷ்டமில்லை என்றால் பொட்டோடு தட்டைக் கொண்டுவந்து தந்துவிடுகிறேன், இனி இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன் என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் அமுதா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அப்பா போனதிலேருந்து வீட்டுல பூஜையே போடலக்கா. நாளைக்கு வாங்க. கழுவறதா வேணாமான்னு அதைப் பாத்துட்டு சொல்றேன்."

செட்டு டெஸ்ட்டிங்

காலை முதல் பஸ். ராமநாதன் மடியில் என் ரெக்கார்டு பிளேயர், என் மடியில் தட்டு. திருத்துறைப்பூண்டி தாண்டியதும் பள்ளத்துக்குப் பள்ளம் அவர் பிளேயரைக் கைக்குழந்தை மாதிரி தூக்கித் தூக்கிப் பிடித்தார். நாங்கள் போனபோது அமுதா குழாய், மைக், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் பழைய பொட்டு போய் புதுசு வைத்தாயிற்று. தட்டு மட்டும்தான் பாக்கி. வாங்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் உட்கார்ந்தாள். அப்பாவின் ரேகை மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். அவளுடையது சின்னது.

"தண்ணி ஊத்துங்கக்கா" என்றாள். லேபிள் நனையாமல் அதன்மேல் ஒரு டப்பா மூடியைக் கவிழ்த்து அழுத்திக்கொண்டு சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். அவள் விரல் நுனியால், பாட்டு ஓடுகிற திசையிலேயே, வட்டமாகத் தேய்த்தாள். மஞ்சள் தண்ணீரைச் சாக்கடையில் விடவில்லை; கீழே தாம்பாளத்தில் பிடித்துச் செம்பருத்திக்கு ஊற்றினாள். சந்தனம் போன இடம் பளபளவென்று இருந்தது. என் பிளேயரை அவள் அப்பாவின் ஆம்ப்ளிஃபயரில் சொருகினோம். குழாயை வாசல் பக்கம் திருப்பிவைத்து, "முறைப்படியே நடக்கட்டும்" என்றாள் அமுதா. ஃபோனில் பதிவு செய்கிற பொறுப்பை ராமநாதனிடம் கொடுத்தேன். ஊசியை நானே வைத்தேன்.

டிரம்பெட் தெருவில் இறங்கியதும் கதவுகள் திறந்தன. யார் வீட்டில் விசேஷம் என்று பார்க்க ஆட்கள் வந்தார்கள். பாட்டு வழக்கமாக நிற்கிற இடம் வந்தது, நிற்கவில்லை. முதலில் ஓடி வந்தவர் எதிரில் டீக்கடை வைத்திருக்கும் வைரக்கண்ணு. கையில் வடிகட்டியோடு வந்து வாசலிலிருந்தே கத்தினார்: "அமுதா! என்னாச்சு, செட்டு ரிப்பேரா? உங்கப்பா இந்நேரம் ஊசியை எடுத்திருப்பாரே!" அமுதா திரும்பிப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு முழுசா ஓடட்டும் மாமா" என்றாள்.

முழுசாக ஓடியது. பொட்டு இருந்த இடத்தில் தாளிக்கிற மாதிரி கொஞ்சம் பொரிந்தது. துகள் எங்கோ ஒட்டியிருந்திருக்கிறது. ஆனால் ஊசி எகிறவில்லை. டிரம்பெட் திரும்பி வந்தது. ஆரம்பத்தில் கேட்ட அதே கேள்வியை, இப்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி சன்னமாகக் கேட்டது. முடித்து வைத்தது அது இல்லை. மற்ற எல்லோரும் நிறுத்திய பிறகு பாஸ் மட்டும் இரண்டு அடி எடுத்து வைத்து நின்றது. அவ்வளவுதான். நான் நினைத்திருந்த எந்த முடிவும் அது இல்லை. அதைவிட நன்றாக இருந்தது. வைரக்கண்ணு வடிகட்டியை இறக்கிவிட்டு, "சரிதான்" என்றார். ராமநாதன் பிடித்த பதிவில் அந்தக் கடைசிப் பகுதி முழுக்க வைரக்கண்ணு கத்தியதைப் பக்கத்து வீட்டுக்கு விளக்குகிற ராமநாதனின் குரல்தான் இருக்கிறது.

அமுதா தட்டைத் துடைத்து மணையில் வைத்துச் சந்தனத்தைக் குழைத்தாள். லேபிளில் வை, தாள்தானே, பாட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று கெஞ்சினேன். நானா கெஞ்சினேன்! அவள் கட்டைவிரலில் சந்தனத்தைத் தொட்டு, லேபிளைத் தாண்டி, பாட்டு முடிகிற அதே இடத்தில், அழுத்தி வைத்தாள். அதன் நடுவில் குங்குமமும் வைத்துவிட்டு என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள்: "அப்பா வச்ச எடத்துலதான்க்கா வைப்பேன். கேக்கணும்னா அடுத்த ஆயுத பூஜைக்கு வாங்க, கழுவிட்டுக் கேப்போம்."

பால் பொங்குகிற வரை அடுப்படியில் நிற்கப் பொறுமை இல்லாத நான், இரண்டு நிமிஷப் பாட்டுக்காக இனி வருஷத்துக்கு ஒரு தரம் வேதாரண்யம் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன்.